திரை யாருடையது?

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி லேப்களில் டர்போ சி-யில் கைபழகியவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த வரிகளை ஒப்பித்துவிடுவார்கள். இரண்டு ஹெட்டர் கோப்புகள், வாய்டு மெயின், மாறிகளின் அறிவிப்பு, அடுத்த வரியில் கிளியர்ஸ்கிரீன். சி, எல், ஆர், எஸ், சி, ஆர் என்று ஆறு எழுத்தாக எழுதினாலும் வாயில் வருவது கிளியர்ஸ்கிரீன்தான். கடைசி வரியில் கெட்ச். நடுவில் பிபனாச்சி தொடர் வரலாம், அணிப் பெருக்கல் வரலாம். தலையும் வாலும் மாறாது.

அந்த வரி எதற்கு என்று கேட்டால் திரையைச் சுத்தம் செய்ய என்பார்கள். ஏன் சுத்தம் செய்ய வேண்டும்? டர்போ சி-யின் நீலத் திரைக்குப் பின்னால் இன்னொரு திரை இருந்தது. நிரல்கள் விடை எழுதியது அதில்தான். ஆல்ட்டையும் எஃப்5-ஐயும் சேர்த்து அழுத்தினால் அது தெரியும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் புது விடை பழைய விடைக்குக் கீழே போய் ஒட்டிக்கொள்ளும். திருத்துவதற்கு முன் வந்த தப்பான கூட்டுத்தொகையும் திருத்திய பின் வந்த சரியான கூட்டுத்தொகையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். எக்ஸ்டர்னல் தேர்வாளர் வந்து எட்டிப் பார்க்கிற நேரத்தில் அது நல்லதற்கில்லை. ஒரு விசையைத் தட்டும்வரை காத்திருக்கும் கெட்ச் போடுவதும் இதே கணக்குதான்: போடாவிட்டால் விடை மின்னி மறைந்து நீலத் திரை திரும்பிவிடும்.

கிளியர்ஸ்கிரீனை எங்கே வைக்கிறோம் என்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. மாறிகளை அறிவிப்பதற்கு முன்னால் வைத்தால், இங்கே அறிவிப்புக்கு அனுமதி இல்லை என்று கம்பைலர் முரண்டு பிடிக்கும். 1989-ன் சி தரப்படி ஒரு தொகுதிக்குள் அறிவிப்புகள் எல்லாம் முடிந்த பிறகுதான் செயல்கள் தொடங்கலாம். கிளியர்ஸ்கிரீன் ஒரு செயல். காரணம் தெரியாமலே இடத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டவர்கள்தான் அதிகம்.

சரி, அந்த வரி உள்ளே என்ன செய்தது? 1981-ல் வந்த ஐபிஎம் பிசி-யில் வண்ணத் திரை அட்டையின் நினைவகம், பதினாறு நிலை எண் முறையில் பி8000 என்ற முகவரியில் தொடங்கியது. திரையில் 80 பத்தி, 25 வரி. மொத்தம் 2,000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பைட். முதல் பைட்டில் எழுத்து, இரண்டாவதில் அந்த எழுத்தின் நிறமும் பின்னணி நிறமும். ஆக 4,000 பைட்டில் ஒரு முழுத் திரை. முதல் பைட்டில் 65 என்ற எண்ணை எழுதினால் போதும், இடது மேல் மூலையில் ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்து வந்து நிற்கும். நடுவில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அந்த எந்திரத்தில் அழிப்பது என்று ஒரு தனி வேலை கிடையாது. இடைவெளி என்பதும் ஓர் எழுத்து. அதன் எண் 32. இரண்டாயிரம் கட்டங்களிலும் 32-ஐ எழுதி, நிறத்துக்கு 7 என்று போட்டால், கறுப்புப் பின்னணியில் எதுவும் தெரியாத திரை கிடைக்கும். கிளியர்ஸ்கிரீன் பயாஸ் மூலமாகப் போனாலும் சரி, கடைசியில் நடந்தது இந்த நிரப்பல்தான். பின்னணியை நீலமாக மாற்றிவிட்டு அதே வரியைக் கூப்பிட்டால் திரை முழுக்க நீலமாகிவிடும், ஏனென்றால் ஒவ்வொரு இடைவெளியும் தன் நிறத்தோடு எழுதப்படுகிறது. முடிந்ததும் கர்சர் முதல் வரி, முதல் பத்திக்குப் போய் நிற்கும்.

இதற்குள் பேசப்படாத ஓர் அனுமானம் இருக்கிறது. எந்திரத்தில் ஒரே ஒரு நிரல் ஓடுகிறது, ஒரே ஒரு திரை இருக்கிறது, அந்தத் திரை நிரலுக்குச் சொந்தம். டர்போ சி ஓடிய டாஸ் இயங்குதளத்தில் இது உண்மைதான். தன் கையிலிருக்கும் சிலேட்டைத் தானே துடைத்துக்கொள்வது மாதிரி. டாஸுக்கு வெளியே கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் நிரலின் நிலைமை வேறு: வெளியூரில் இருக்கும் ஒருவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அவர் சிலேட்டைத் துடைக்கச் சொல்ல வேண்டும். அவர் கையில் இருப்பது சிலேட்டா காகிதமா என்றுகூட இந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது.

லேபில் நன்றாக ஓடிய நிரலை லினக்ஸில் ஜிசிசி கம்பைலரிடம் கொடுத்த அன்று பலருக்கு இது தெரியவந்திருக்கும். கோனியோ என்ற ஹெட்டரா, அப்படி ஒரு கோப்பே இல்லையே என்று முதல் வரியிலேயே நின்றுவிடும். ஹெட்டர் வரியை நீக்கினால் அடுத்த கட்டத்தில், கிளியர்ஸ்கிரீன் என்பது எங்கே இருக்கிறது என்று கம்பைலரோ லிங்கரோ கேட்கும். மைக்ரோசாஃப்டின் கம்பைலரில் கோனியோ இருக்கிறது, கெட்ச்கூட இருக்கிறது, கிளியர்ஸ்கிரீன் இல்லை. அது போர்லாந்து நிறுவனம் 1983-ல் வந்த தன் டர்போ பாஸ்கலில் வைத்திருந்து பிறகு சி-க்கும் கொண்டுவந்த வசதி. சி மொழியின் தரத்தில் திரையை அழிக்கும் கட்டளை அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மறந்துபோய் விட்டதல்ல. டென்னிஸ் ரிச்சியும் கென் தாம்சனும் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸையும் சி-யையும் உருவாக்கிக்கொண்டிருந்தபோது அவர்கள் தட்டியது டெலிடைப் மாடல் 33 என்ற எந்திரத்தில். அதில் திரையே கிடையாது. விசைப்பலகை, காகிதச் சுருள், எழுத்துகளை அடிக்கும் உருளை. நொடிக்கு 10 எழுத்து வேகம், பெரிய எழுத்துகள் மட்டும், வரிக்கு 72 எழுத்து. அடித்தது அடித்ததுதான், கிழித்தால் உண்டு. அங்கே திரையை அழி என்பதற்குப் பொருளே இல்லை.

ஆனால் காகிதத்தோடு கதை முடியவில்லை. வெளியீடு என்பதை அவர்கள் ஒரு பைட் ஓட்டமாகவே வைத்தார்கள். நிரல் ஒன்றன்பின் ஒன்றாக பைட்களை வெளியே விடுகிறது. அது டெலிடைப்புக்குப் போகலாம், வட்டில் ஒரு கோப்புக்குப் போகலாம், இன்னொரு நிரலின் வாய்க்குள் போகலாம். எங்கே போகிறது என்று விடும் நிரலுக்குத் தெரிய வேண்டாம். இந்தத் தெரியாமைதான் யூனிக்ஸின் பலம். பெயர்ப் பட்டியலை அச்சிடும் நிரலை ஒரு வரியும் திருத்தாமல் வரிசைப்படுத்தும் நிரலோடு கோத்துவிட முடிவது இதனால்தான். அந்த பலத்துக்குக் கொடுத்த விலை, நிரலுக்குத் திரை என்ற ஒன்றே தெரியாமல் போனது.

அஸ்கி குறியீட்டில் இதற்குச் சற்றே நெருக்கமான ஓர் எண் உண்டு: 12, அடுத்த தாளுக்குப் போ என்பது. வரி அச்சுப்பொறி அதைப் பார்த்ததும் தாளைத் தள்ளிப் புதுத் தாளின் தலைப்பில் நிற்கும். திரைக்கு எழுதப்பட்ட கட்டளை இல்லை இது, காகிதத்துக்கு எழுதப்பட்டது. ஆனாலும் இந்த 12 பின்னால் எதிர்பாராத இடத்தில் தலைகாட்டப்போகிறது.

1970-களில் காகிதத்தின் இடத்துக்குக் கண்ணாடித் திரை வந்தது. டெலிடைப்பைக் கம்பியிலிருந்து கழற்றிவிட்டுத் திரையுள்ள டெர்மினலைச் சொருகினால் வேலை நடக்கும், பழைய நிரல்கள் அப்படியே ஓடும். இப்போது அழிப்பதற்கு ஒரு திரை இருக்கிறது. அழிக்கச் சொல்வது எப்படி? அதே கம்பியில், அதே எழுத்துகளோடு கலந்து ஒரு சிறப்பு எண்ணை அனுப்ப வேண்டும். அது எந்த எண் என்பதில் ஆளுக்கொரு முடிவு. லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ டெர்மினலுக்கு 26. டெக் நிறுவனத்தின் விடி52-க்கு எஸ்கேப் எச் அனுப்பிக் கர்சரை மூலைக்குக் கொண்டுபோய், எஸ்கேப் ஜே அனுப்பி அங்கிருந்து கடைசிவரை அழிக்க வேண்டும். ஹீத்கிட் எச்19-க்கு எஸ்கேப் ஈ. ஹேசல்டைன் 1500-க்கு ~ குறியும் அதன் பின்னால் 28-ம். அதே காலத்தில் சிபி/எம் இயங்குதளத்தில் 26 என்றால் உரைக் கோப்பு முடிந்தது என்று பொருள். ஓரிடத்தில் துடைப்பது, இன்னோரிடத்தில் முற்றுப்புள்ளி.

ஏடிஎம்-3ஏ பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், இந்த அத்தியாயத்துக்கு அது நேராகத் தேவையில்லை என்றாலும். அதன் விசைப்பலகையில் அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் விசைகளின் மேல் பொறிக்கப்பட்டிருந்தன. கர்சரை மூலைக்கு அனுப்பும் ஹோம் விசையும் ~ குறியும் ஒரே விசையில் இருந்தன. விஐ எடிட்டரில் இன்றும் அந்த நான்கு எழுத்துகளால் கர்சரை நகர்த்துகிறோம். யூனிக்ஸில் நம் வீட்டுக் கோப்புறைக்கு இன்றும் ~ போடுகிறோம். எந்திரம் போய்விட்டது, விரல் பழக்கம் நிற்கிறது.

அந்த விஐ-யை எழுதியவர் பெர்க்லியில் இருந்த பில் ஜாய். திரை முழுவதையும் ஆளும் எடிட்டர் என்பதால், எந்த டெர்மினல் வந்தாலும் அழிக்கவும் நகர்த்தவும் தெரிந்தாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நிரலுக்குள் ஒரு கிளை எழுதுவது கதைக்காகாது. 1978-ல் அவர் எல்லா டெர்மினல்களின் குணங்களையும் ஒரே உரைக் கோப்பில் போட்டார். அதற்கு டெர்ம்கேப் என்று பெயர். டெர்ம் என்ற சூழல் மாறியில் பயனர் தன் டெர்மினலின் பெயரைச் சொல்லிவிடுவார். நிரல் அந்தப் பெயரைக் கோப்பில் தேடி, அழிப்பதற்கான எண்களை எடுத்து அனுப்பும். இதையே ஒரு குட்டி நிரலாக்கி 1979-ல் பெர்க்லி யூனிக்ஸில் சேர்த்ததுதான் நாம் இன்றும் தட்டும் கிளியர் கட்டளை. அதற்குத் திரையைப் பற்றி ஒன்றுமே தெரியாது. பெயர் பார்த்து, கோப்பைப் புரட்டி, சில பைட்களை வெளியே விட்டுவிட்டு முடிந்துவிடும்.

டெர்ம்கேப் கோப்பில் 1978-ன் விடி100 டெர்மினலுக்கு எழுதியிருந்த குறிப்பில், அழிக்கும் எண்களுக்கு முன்னால் 50 என்று ஓர் எண் நிற்கும். 50 மில்லிநொடி பொறு என்று அர்த்தம். விடி100-க்குள் இருந்தது இன்டெல் 8080. 24 வரிகளையும் துடைக்க அதற்கு நேரம் பிடிக்கும். அதற்குள் அடுத்த எழுத்துகள் வந்து மோதினால் சில தொலைந்துபோகலாம். நிரலுக்கு டெர்மினல் வேலையை முடித்ததா என்று பார்க்க வழியில்லை என்பதால், அந்த நேரத்தை வெற்று பைட்களால் நிரப்பினார்கள். நொடிக்கு 9,600 பிட் போகும் கம்பியில் ஓர் எழுத்துக்கு 10 பிட் என்று வைத்தால் நொடிக்கு 960 எழுத்து. 50 மில்லிநொடிக்கு 48 வெற்று பைட்கள். துடைக்கச் சொன்னது சில பைட், காத்திருந்தது 48 பைட்.

அப்படியானால் சிறப்பு எண்களே இல்லாமல், டாஸ் செய்த மாதிரி இடைவெளிகளால் திரையை நிரப்பிவிடலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 பத்தி, 24 வரி, 1,920 எழுத்துகள். அதே 9,600 பிட் கம்பியில் இரண்டு நொடி. வீட்டுத் தொலைபேசி வழியாக 300 பிட் மோடத்தில் வேலை செய்தவருக்கு 64 நொடி. வெற்றுத் திரைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க யாரால் முடியும்?

ஆளுக்கொரு எண் என்ற குழப்பத்துக்கு முடிவு கட்ட ஐரோப்பாவில் 1976-ல் எக்மா-48 என்ற தரம் வந்தது. அமெரிக்காவின் அன்சி அமைப்பு 1979-ல் எக்ஸ்3.64 என்ற பெயரில் அதையொட்டிய தரத்தை வெளியிட்டது. விடி100 அந்த வழியில் நடந்து பெருவெற்றி பெற்றதால் மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். இந்தத் தரத்தில் திரையை அழிப்பது நான்கு பைட்: 27, 91, 50, 74. எழுத்தாகச் சொன்னால் எஸ்கேப், சதுர அடைப்பு, 2, ஜே. ஜே என்றால் காட்சியில் அழி. அதற்கு முன்னால் வரும் எண் எதுவரை என்பதைச் சொல்லும். 0 என்றால் கர்சரிலிருந்து கடைசிவரை, 1 என்றால் தொடக்கத்திலிருந்து கர்சர்வரை, 2 என்றால் முழுவதும். இன்றைய லினக்ஸ், மேக் டெர்மினல்கள் எல்லாம் இந்த நான்கு பைட்டுக்குக் கட்டுப்படுகின்றன.

இங்கே புதியவர்கள் இரண்டு இடத்தில் இடறுவார்கள். முதலாவது, தரப்படி இந்தக் கட்டளை அழிக்க மட்டும்தான் செய்யும். கர்சர் நின்ற இடத்திலேயே நிற்கும். திரை காலியாகிவிடும், ஆனால் அடுத்து அச்சிடுவது பதினேழாவது வரியின் நடுவில் தொடங்கும். டாஸில் அன்சி.சிஸ் என்ற கோப்பு இதே கட்டளைக்குக் கர்சரையும் மூலைக்கு அனுப்பிவிட்டதால், அதில் பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் குழப்பம். எஸ்கேப் [ எச் என்று இன்னொரு மூன்று பைட்டைச் சேர்த்து அனுப்பினால் தீரும். இரண்டாவது, பஃபர். சி-யின் பிரிண்ட்எஃப் எழுதியதை உடனே வெளியே விடாது. டெர்மினலுக்குப் போகும் ஓட்டத்தில் வரி முடியும்வரை தேக்கிவைக்கும். அழிக்கும் கட்டளையில் வரிமுடிவு இல்லை. எனவே அழி என்று எழுதி, ஐந்து நொடி தூங்கு என்று அடுத்த வரி போட்டால், ஐந்து நொடி கழித்துத்தான் திரை அழியலாம். எழுதியவுடன் பஃபரைக் காலிசெய்யும் எஃப்ஃப்ளஷ் வரியை மறக்கக் கூடாது.

விண்டோஸின் கதை தனி. என்டி வரிசையில் கன்சோல் என்பது பைட் ஓட்டமாக இல்லாமல், நிரல்கள் கூப்பிடக்கூடிய செயல்கூறுகளின் தொகுப்பாக அமைந்தது. எஸ்கேப் கட்டளைகளுக்கு அது செவிசாய்க்கவில்லை, அனுப்பினால் ஏதோ ஓர் அம்பும் அதன் பின்னால் [2ஜே என்ற குப்பையும் திரையில் வந்து நிற்கும். அழிக்க வேண்டுமென்றால் கன்சோலின் அளவைக் கேட்டு, அத்தனை கட்டங்களையும் இடைவெளியால் நிரப்பச் சொல்லி, அத்தனைக்கும் நிறம் பூசச் சொல்லி, கர்சரை மூலையில் வைக்கச் சொல்ல வேண்டும். பி8000-ல் நடந்த அதே வேலை, இப்போது மனுப் போட்டு. 2015-ல் விண்டோஸ் 10-க்கு வந்த புதுப்பிப்பிலிருந்துதான் கன்சோலுக்கு அன்சி கட்டளைகள் புரியத் தொடங்கின, அதுவும் பொதுவாக நிரல் கேட்டு அந்த வசதியை இயக்கினால்.

இவ்வளவு சுற்றுவழி எதற்கு என்றுதான் மாணவர்கள் சிஸ்டம் என்ற செயல்கூறுக்குள் சிஎல்எஸ் என்றோ கிளியர் என்றோ எழுதிவிட்டுப் போகிறார்கள். ஒரு வரி, வேலை முடிந்தது. முடிந்ததுதான், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது? லினக்ஸில் நிரல் தன்னைப் போல ஒரு குழந்தை நிரலைப் பெற்று, அது ஷெல்லாக மாறி, ஷெல் கிளியர் எங்கே இருக்கிறது என்று பாத் மாறியில் உள்ள கோப்புறைகளை வரிசையாகத் தேடி, கண்டதை ஓட்டி, அது டெர்மினல் விவரத்தைப் படித்து, ஏழோ பதினொன்றோ பைட்களை விட்டுவிட்டு இறக்கிறது. நேராக அனுப்பியிருக்கக்கூடிய அதே பைட்கள். வேகம்கூடப் பெரிய குறை இல்லை. பாத் தேடலில்தான் வில்லங்கம். கிளியர் என்ற பெயரில் வேறொரு நிரலை முந்திய கோப்புறையில் யாராவது வைத்திருந்தால், உங்கள் நிரலின் உரிமைகளோடு அது ஓடும். கூடுதல் உரிமையுள்ள நிரல்களில் சிஸ்டம் செயல்கூறைப் பயன்படுத்தாதீர்கள் என்று லினக்ஸின் கையேடே எச்சரிக்கிறது. லேப் பயிற்சிக்கு இது பரவாயில்லை. வங்கிக் கிளையில் ஓடப்போகும் நிரலில் இதைப் பார்த்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஜாவாவில் சிஎல்எஸ்-ஐ ஓட்டப் பார்ப்பவர்கள் வேறு விதமாக முட்டிக்கொள்கிறார்கள். அப்படி ஒரு கோப்பு இல்லை என்று பிழை வரும். உண்மைதான்: விண்டோஸில் சிஎல்எஸ் தனி நிரல் கிடையாது, சிஎம்டி என்ற ஷெல்லுக்குள் இருக்கும் கட்டளை. சரி, சிஎம்டி-யையே கூப்பிட்டு சிஎல்எஸ் செய்யச் சொன்னால் பிழை வராது, திரையும் அழியாது. ஏனென்றால் ஜாவா அந்தக் குழந்தை நிரலின் வெளியீட்டைத் திரைக்கு விடாமல் தன் பக்கம் ஒரு பைப்பில் பிடித்துவைக்கிறது. அந்தப் பைப்பில் என்ன வந்து கிடக்கும் தெரியுமா? ஒரே ஒரு பைட். அதன் மதிப்பு 12. சிஎம்டி-யில் சிஎல்எஸ்-ன் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிப் பார்த்தாலும் இதேதான். எதிரில் கன்சோல் இல்லையென்றால், அச்சுப்பொறிக்குச் சொல்வதைப் போல அடுத்த தாளுக்குப் போ என்று சொல்லிவிடுகிறது.

எதிரில் யார் என்ற கேள்விதான் எல்லா இடத்திலும் வந்து நிற்கிறது. பல ஐடிஇ-களின் வெளியீட்டுச் சாளரம் பார்க்கக் கன்சோல் மாதிரி இருந்தாலும் டெர்மினல் கிடையாது. அங்கே கிளியரை ஓட்டினால், டெர்ம் என்ற சூழல் மாறி அமைக்கப்படவில்லை என்று அது கைவிரிக்கும். விண்டோஸில் பைத்தானின் ஐடில் சாளரத்திலிருந்து சிஎல்எஸ் சொன்னால் ஒரு கறுப்புச் சாளரம் கண்சிமிட்டி மறையும், ஐடிலில் எழுதியது எழுதியபடியே இருக்கும். கட்டளை நிறைவேறிவிட்டது. துடைத்தது வேறொருவர் சாளரத்தை.

இதனால் பொறுப்பாக எழுதிய நிரல்கள் அழிப்பதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள்கின்றன: என் வெளியீடு டெர்மினலுக்குத்தான் போகிறதா? யூனிக்ஸில் அதற்கு இஸ்ஆட்டி என்ற செயல்கூறு உண்டு. கேட்காவிட்டால், இரவில் தானாக ஓடி அறிக்கையைக் கோப்பில் சேமிக்கும் நிரலின் கோப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் [2ஜே என்று குப்பை சேரும். விண்டோஸில் சி ஷார்ப் மொழியின் கன்சோல்.கிளியர், எதிரில் கன்சோல் இல்லையென்றால் விதிவிலக்கை எறிந்து நிரலையே நிறுத்திவிடும். முரட்டுத்தனம்தான், ஆனால் மௌனமாகக் குப்பை போடுவதைவிட நேர்மையானது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வரி வரியாக விடை சொல்லிவிட்டு முடியும் நிரல் திரையைத் துடைக்கவே கூடாது என்பது என் கட்சி. அந்தத் திரையில் பயனர் முன்னால் ஓட்டிய ஐந்து கட்டளைகளின் விடைகள் இருக்கலாம், அவற்றில் ஒன்றை அவர் இதனோடு ஒப்பிட நினைத்திருக்கலாம். திரையைக் காலிசெய்ய அவருக்கே தெரியும். பாஷ் ஷெல்லில் கன்ட்ரோலும் எல்லும் போதும்.

திரையை முழுதாக ஆள வேண்டிய நிரல்கள் உண்டு: எடிட்டர், விளையாட்டு, நொடிக்கு நொடி மாறும் பட்டியல். அவற்றிலும் அழித்து அழித்து எழுதுவது தவறான வழி. ஒவ்வொரு முறையும் ஒரு கணம் வெற்றுத் திரை தெரிவதால் கண் கூசும்படி மினுக்கும். கென் ஆர்னால்டு பெர்க்லியில் விஐ-யின் திரை நுட்பங்களை எடுத்து கர்சஸ் என்ற நூலகமாக்கினார். 1980-ல் வந்த ரோக் என்ற நிலவறை விளையாட்டு அதன்மேல்தான் எழுதப்பட்டது. கர்சஸ் தன் நினைவகத்தில் இரண்டு படங்களை வைத்துக்கொள்ளும். ஒன்று இப்போது திரையில் இருப்பதாக அது நம்புவது, மற்றது இருக்க வேண்டியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்பும். விளையாட்டில் வீரன் ஒரு கட்டம் நகர்ந்தால் 1,920 எழுத்துகளை அனுப்பத் தேவையில்லை. கர்சரை அங்கே நகர்த்தி, பழைய இடத்தில் ஒரு புள்ளி, புது இடத்தில் ஒரு @ குறி. இருப்பதாக நம்புவது என்று சொன்னதைக் கவனியுங்கள். டெர்மினலில் வேறொரு நிரல் குறுக்கே எதையாவது எழுதிவிட்டால் நம்பிக்கை பொய்த்துப் படம் கலைந்துபோகும், கர்சஸுக்கு அது தெரியாது. இந்த மாதிரி நிரல்கள் பலவற்றில் கன்ட்ரோல்-எல் முழுவதையும் திரும்ப வரைவதற்கு வைக்கப்பட்டிருப்பது அதற்காகத்தான்.

விஐ-யை மூடியதும் பழைய கட்டளைகள் திரையில் திரும்ப வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எக்ஸ்டெர்ம் வழிவந்த டெர்மினல்கள் இரண்டு திரைகளை வைத்திருக்கின்றன. எஸ்கேப் [ ? 1049 எச் (சிறிய எச்) என்று அனுப்பினால் மாற்றுத் திரைக்குப் போகலாம், அதே எண்ணை எல் (சிறிய எல்) போட்டு முடித்தால் பழையதற்குத் திரும்பலாம். ஆல்ட்-எஃப்5-ல் டர்போ சி செய்ததற்கு நெருங்கிய உறவு. பயனரின் திரையைத் துடைக்காமல் தனக்கென்று ஒரு திரை வாங்கிக்கொள்ளும் இந்த வழியே மரியாதையானது.

கடைசியாக, துடைத்தது உண்மையிலேயே போய்விட்டதா? கடவுச்சொல்லைத் திரையில் காட்டிவிட்டு உடனே அழித்துவிடும் நிரல்களை எழுதுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எஸ்கேப் [ 2 ஜே அழிப்பது கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும். மேலே உருண்டு போன நூற்றுக்கணக்கான வரிகள் டெர்மினலின் நினைவில் இருக்கும். மவுஸ் சக்கரத்தை உருட்டினால் வந்துவிடும். அவற்றையும் அழிக்க எக்ஸ்டெர்ம், தரத்துக்கு வெளியே ஒரு 3-ஐச் சேர்த்தது: எஸ்கேப் [ 3 ஜே. லினக்ஸ் கன்சோலுக்கு அது 2011-ல் வந்த 3.0 பதிப்பிலிருந்துதான் புரிகிறது. இப்போதைய கிளியர் கட்டளை அதையும் சேர்த்தே அனுப்புகிறது. வேண்டாமென்றால் எக்ஸ் என்ற தேர்வு இருக்கிறது. ஆனால் எல்லா டெர்மினலும் அதை மதிக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. மதித்தாலும், அமர்வு முழுவதையும் கோப்பில் பதிவுசெய்யும் மென்பொருள் நடுவில் ஓடிக்கொண்டிருந்தால் கடவுச்சொல்லும், அதை அழிக்கச் சொன்ன பைட்களும் பக்கத்துப் பக்கத்தில் பத்திரமாக இருக்கும்.

இதன் மறுபக்கம் இன்னும் விபரீதமானது. அழிக்கும் கட்டளை வெறும் பைட்கள் என்பதால் அதை நிரல்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. ஒரு கோப்புக்குள் கிடந்தாலும் போதும். 2003-ல் எச்.டி. மூர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் டெர்மினல்களை இப்படிக் கோப்பு வழியாக ஏமாற்றும் முறைகளைத் தொகுத்து வெளியிட்டார். அப்போது அப்பாச்சி வலைச் சேவையகம், வெளியிலிருந்து வந்த கோரிக்கையில் இருந்த எஸ்கேப் பைட்களைத் தன் பிழைப் பதிவில் அப்படியே எழுதிக்கொண்டிருந்தது. 2004-ல் வந்த பதிப்புகளில் அது திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்துக்கு முன், ஊடுருவ வந்தவர் தன் கோரிக்கையின் கடைசியில் எஸ்கேப் [ 2 ஜே என்ற நான்கு பைட்களை ஒட்டிவைத்தால் என்ன ஆகும்? நிர்வாகி மறுநாள் பதிவுக் கோப்பை கேட் கட்டளையால் திரையில் ஓடவிடுவார். வந்தவரின் வரிகள் ஓடும், அழிக்கும் கட்டளை வரும், திரை துடைக்கப்படும், அதற்குப் பிந்தைய சாதாரண வரிகள் மட்டும் நிற்கும். கோப்பில் ஒரு பைட்கூடக் குறையவில்லை. கேட் கட்டளையோடு வி என்ற தேர்வைச் சேர்த்துத் திறந்தால் எஸ்கேப் பைட் ^[ என்ற இரண்டு குறிகளாக மாறி, அந்த இடத்தில் ^[[2ஜே என்று அப்பட்டமாக அச்சாகும், முன்னால் உள்ள வரிகளும் நின்ற இடத்திலேயே நிற்கும். லெஸ் கட்டளை இதைக் கேட்காமலே செய்கிறது.